லவுதெலினாவின் குதிரைப்படை

தொரோரோ ஏரிக்கரையில் என் துவைகல்லுக்கு அடுத்த கல் லவுதெலினாவுடையது. பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வெளுத்திருக்கிறோம். நெடுநெடுவென்று உயரம். சிரித்தால் எதிர்க்கரைக்குக் கேட்கும். கொக்கோ தோட்டத்து வேலைக்கென்று தெற்கே கப்பலேறிய புருஷன் திரும்பவேயில்லை. “கடல் தின்னுச்சோ, எவளாவது தின்னாளோ” என்பாள். அதற்கு மேல் அவனைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

துறைமுகத்து ஆண்களின் வெள்ளை உடுப்பை வெளுப்பதில் அவளை மிஞ்ச எங்கள் சல்வதோர் பட்டணத்தில் ஆள் இல்லை. வாரமெல்லாம் மூட்டை சுமக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் காற்சட்டை, தொப்பி என்று மாப்பிள்ளை போல வருவார்கள். வந்து கப்போய்ரா ஆடுவார்கள். அது சண்டையா நடனமா என்று கேட்டால் ஆடுகிறவர்களே ஆளுக்கொன்று சொல்வார்கள். உதை பறக்கும், ஆனால் மேலே படாது. கை தரையில் ஊன்றும், உடம்பு தலைகீழாகச் சுழலும். இத்தனைக்கும் உடுப்பில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டாமல் வீடு திரும்புகிறவன்தான் ஆட்டக்காரன். அதனால் மரவள்ளிக் கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப்பெட்டியால் விறைப்பாகத் தேய்த்துக் கொடுக்கும் லவுதெலினாவுக்கு அவர்களிடம் தனி மரியாதை. ஆட்டத்தைச் சுற்றிக் கூடி நிற்கும் வட்டத்துக்கு வெளியேதான் அந்த மரியாதை எல்லாம். வட்டத்தில் பெண்களுக்கு இருந்த வேலை கைதட்டுவது, பின்பாட்டுப் பாடுவது, எல்லாம் முடிந்த பிறகு சம்பா நடனம் ஆடுவது. வாத்தியத்தைத் தொடக்கூடாது.

வாத்தியம் என்றால் வில்தான். வளைத்த மரக்கழி, பழைய கார் டயரிலிருந்து உருவிய கம்பி, அடியில் ஒரு சுரைக்குடுவை. குச்சியால் தட்டி, செப்புக்காசால் கம்பியை அழுத்தி வாசிப்பார்கள். மூன்று வில் உண்டு. பெரிய வில் சொல்வதுதான் சட்டம். அது மெல்ல நடந்தால் ஆட்டம் மெல்ல நடக்கும், அது ஓடினால் ஓடும். அப்போது கப்போய்ரா ஆடுவது குற்றம், பிடித்தால் சிறை. குதிரைப் போலீஸ் தெருமுனையில் தலைகாட்டியதும் பெரிய வில் குளம்படி போலத் தடதடக்கும். அந்த அடிக்கே குதிரைப்படை என்றுதான் பெயர். கேட்ட கணத்தில் வட்டம் கலைந்துவிடும். உதைத்துக்கொண்டிருந்தவன் வாழைப்பழம் விலை கேட்டுக்கொண்டு நிற்பான்.

பெரிய வில்லை வாசித்தவர், ஆட்டத்துக்கு ஆசானான கஸியானோ மேஸ்திரி. லவுதெலினாவின் அறையும் அவர் அறையும் ஒரே வளவில், நடுவில் ஒரு மண்சுவர். அவர் தினமும் வாசிப்பார், இவள் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பாள். கேட்டுக் கேட்டு, துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்திருந்த, வில்லுக்கு ஏற்ற பிரீபா மரக்கழியை ஒருநாள் வளைத்துக் கம்பி கட்டிவிட்டாள். மதியத்தில் ஏரிக்கரையில் அவள் வாசிப்பாள், நாங்கள் துணியை அடித்துத் தாளம் போடுவோம். ஆண்களுக்கு இது தெரியும். தெரியாதது போல இருந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில், கப்பலில் சரக்கு இறக்கும்போது கயிறு அறுந்து, மேஸ்திரியின் இடது கை முறிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் நடக்கும் தேவாலய வாசலில், அவர் கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். பெரிய வில் ஜெனேசியோ என்ற இளைஞனிடம் போனது. விரல் நல்ல விரல்தான், நெஞ்சுதான் கோழி நெஞ்சு.

தகராறு ஆட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. மூட்டை தூக்கும் ஒதிலோன், சாந்தோ அமாரோ என்ற ஊர்க்காரன். கரும்புச் சாராயம் உள்ளே போனதும் ஊர்ப்பெருமை வெளியே வந்தது.

“கப்போய்ரா பொறந்ததே எங்கூர் கரும்புத் தோட்டத்துலதான். அடிமையா இருந்தவன் முதலாளி கண்ணுக்கு டான்ஸ் மாதிரி காட்டி, சண்டை பழகினான். இங்க இருக்கறவங்க எல்லாம் எங்ககிட்ட கடன் வாங்கினவங்க.”

பெலார்மினோ அமைதியான ஆள், மீன் இறக்குகிறவன். ஆனால் அவன் தாத்தா அங்கோலாவிலிருந்து கப்பலில் சங்கிலியோடு வந்தவர். அதைத் தொட்டால் அவனுக்குப் பொறுக்காது.

“எங்க தாத்தா இதை அங்கேயே ஆடினவருடா. வில்லும் அங்கிருந்து வந்ததுதான். உங்கூர்ல பொறந்தது கரும்புச் சக்கைதான்.”

“உங்க தாத்தா கப்பல்ல வாந்தி எடுத்துட்டு வந்தாரா, வில்லை எடுத்துட்டு வந்தாரா?”

கூட்டம் சிரித்தது. பெலார்மினோ சிரிக்கவில்லை.

“ஏம்ப்பா, வித்து அங்கேருந்து வந்துச்சு, மொளச்சது இந்த மண்ணுலன்னு வெச்சுக்கிட்டா யாருக்குக் குடி முழுகிப்போகுது?” என்றாள் லவுதெலினா, கைதட்டும் பெண்கள் நடுவிலிருந்து.

“நீ கஞ்சியைப் பாருக்கா” என்றான் ஒதிலோன்.

ஒதிலோனும் பெலார்மினோவும் வில்லின் அடியில் குந்தி, கைகொடுத்து, வட்டத்துக்குள் நுழைந்தார்கள். கொஞ்ச நேரம் ஆட்டம் ஆட்டமாகவே இருந்தது. பிறகு ஒதிலோன் எதிராளியின் காலை வாரினான். பெலார்மினோ மழைக்குட்டையில் மல்லாக்க விழுந்தான். வெள்ளைக் கோட்டில் முதுகு முழுக்கச் சேறு. இது ஆட்டத்தில் உள்ளதுதான். ஆனால் ஒதிலோன் குனிந்து, “தாத்தாவைக் கூப்பிடு, தூக்கி விடுவார்” என்றான்.

பெலார்மினோ எழுந்தபோது கையில் சவரக்கத்தி விரிந்திருந்தது.

இந்த இடத்தில் பெரிய வில் ஆட்டத்தை நிறுத்தி இருவரையும் தன் பக்கம் திரும்பக் கூப்பிட வேண்டும். அதைக் கேட்டும் ஆடினால் ஆட்டக்காரனே இல்லை. ஜெனேசியோ பயத்தில் கூப்பிடுவதற்குப் பதில் வேகத்தைக் கூட்டினான். தாளம் ஏற ஏற, அந்த இருவரின் கண்ணும் மாறியது. பாட்டு நின்றுவிட்டது. மேஸ்திரி “நிறுத்துடா!” என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை.

லவுதெலினா நாலு எட்டில் போய் ஜெனேசியோவின் கையிலிருந்து வில்லைப் பிடுங்கினாள். குதிரைப்படையை வாசித்தாள்.

அந்த அடியை அப்படி நான் அதற்கு முன் கேட்டதில்லை. தெருமுனையில் நிஜமாகவே குதிரைகள் வருவது போல இருந்தது. கூட்டம் சிதறியது. மேளம் அடித்தவன் மேளத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். கத்தியோடு பிடிபட்டால் வருஷக்கணக்கில் உள்ளே என்பது பெலார்மினோவுக்குத் தெரியும். கைக்கு எட்டியது பெர்பெத்துவா அக்காவின் பலகாரக் கடை. கத்தியை அவளுடைய பயறு மாவுச் சட்டியில் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக நின்றான். ஒதிலோன் தேவாலயத்துக்குள்ளேயே போய்விட்டான்.

குதிரை வரவில்லை. ஒரு கழுதைகூட வரவில்லை.

“எந்தப் பாவிடா என் மாவுல கத்தியைப் போட்டது? வடையைக் கடிக்கறவன் நாக்கு போயிருக்குமே!” என்று பெர்பெத்துவா அகப்பையோடு கிளம்பியபோதுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. சிலர் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

“இந்த அடியைப் பொய்க்கு வாசிக்கக் கூடாது, லவுதெலினா. நாளைக்கு நெஜமாவே குதிரை வந்தா எவன் நம்புவான்?”

“குதிரை வரலை, சரி. பொணம் விழுந்திருக்குமே மேஸ்திரி?”

“அது வேற. இனிமே நீ வில்லைத் தொடாதே.”

மறுநாள் லவுதெலினா, வெளுக்க வாங்கியிருந்த ஆண்களின் உடுப்பையெல்லாம் கூடையில் போட்டு, வளவின் நடுவில் கொண்டுபோய்க் கொட்டினாள். சேறும் வியர்வையுமாக, அப்படியே.

“கஞ்சி போடறதும் பொம்பளை கைதான். தீட்டுப் பட்டுடப் போகுது. நீங்களே வெளுத்துக்குங்க.”

அவளுக்காக நாங்களும் நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை கைதட்டவும் போகவில்லை. என் வீட்டுக்காரன் தன் கோட்டைத் தானே வெளுத்து, நீலத்தை அள்ளிக் கொட்டி, மீன்கொத்தி போலக் கிளம்பிப் போனான். பாட்டு எடுத்தவனுக்குப் பதில் பாடத் தொண்டை பத்தவில்லை என்று திரும்பி வந்து முணுமுணுத்தான். சில பேர் வேறு பேட்டைக்கு உடுப்பை அனுப்பினார்கள். மஞ்சளடித்துத் திரும்பி வந்தது.

ஒருநாள் காலையில் பெலார்மினோ ஏரிக்கரைக்கு வந்தான். கையில் அந்தச் சேற்றுக் கோட்டு. அவளிடம் கொடுக்கவில்லை. அவள் கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, தானே அலசத் தொடங்கினான். வெகுநேரம் அலசினான்.

“அக்கா, அன்னிக்கு நான் வெட்டியிருப்பேன்.”

“தெரியும்.”

“ஒதிலோனுக்குக் கைக்குழந்தை இருக்கு. எனக்குத் தூக்கமே இல்லக்கா.”

லவுதெலினா கோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். “இப்படிக் கசக்கினா கழுத்துப்பட்டி பிஞ்சுரும். இங்க குந்தி அழறதை அங்க போய்ச் சொல்லு.”

அடுத்த ஞாயிறு அவன் போய்ச் சொன்னான். ஆட்டம் தொடங்கும் முன்பு, அத்தனை பேர் முன்னால், தலையைக் குனிந்துகொண்டு: “அவ வாசிச்சது பொய்யில்ல. என் கையில இருந்தது கத்தி. ஆபத்துன்னு சொல்றதுக்குத்தானே அந்த அடி?” ஒதிலோன் எழுந்து பெரிய வில்லை எடுத்தான். பெலார்மினோ சொல்வதைக் கேட்கவென்று வந்து நாங்கள் தள்ளி நின்றுகொண்டிருந்த இடத்துக்கு நடந்து வந்து, லவுதெலினாவிடம் நீட்டினான்.

மேஸ்திரி அவளைக் கூர்ந்து பார்த்தார். “குதிரை இல்லாம குதிரைப்படை வாசிக்க மாட்டேன்னு சொல்லு. அப்புறம் உக்காரு.”

“கத்தி இல்லாம ஆட வரச் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்.”

அவருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. தொப்பியைக் கழற்றித் தரையில் மல்லாக்க வைத்தார். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சவரக்கத்தியை அதில் போட்டார்கள். யோக்கியன் என்று நாங்கள் நினைத்திருந்த ஜெனேசியோவிடம்கூட ஒன்று இருந்தது.

லவுதெலினா உட்கார்ந்தாள். முதலில் அங்கோலா அடியை, மிக மெதுவாக எடுத்தாள். பிறகு குரலெடுத்தாள், ஏரிக்கரையில் அவளே கட்டிய பாட்டு:

“அலை வந்து போகுது, கல்லு போகல,
ஐயா, கல்லு போகல.”

நாங்கள் பதில் பாடினோம். பெலார்மினோவும் ஒதிலோனும்தான் முதலில் ஆடினார்கள். கொஞ்சம் விறைப்பாகத்தான் ஆடினார்கள்.

மேஸ்திரியின் கை கோணலாகத்தான் கூடியது. பெரிய வில்லின் கனம் அதற்கு ஆகவில்லை. அவர் நடு வில்லுக்கு மாறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாகும்வரை வாசித்தார். தாளம் தப்பினால் இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். தடை நீங்கிய பிறகு, கப்போய்ரா மாடியறைப் பள்ளிகளுக்குள் போனது, சீருடை வந்தது, படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். லவுதெலினா எங்கேயும் போகவில்லை. வாரமெல்லாம் வெளுத்தாள், ஞாயிறு வாசித்தாள். யாராவது மேஸ்திரி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். குடுவையைத் தாங்கித் தாங்கி அவள் சுண்டுவிரல் மரத்துப்போனது. அதன் பிறகு வில்லைப் பிடிக்க முடியவில்லை, ஆனாலும் கைதட்ட வந்தாள்.

ஒரு ஜூன் மாதத்தில், சோளக்கதிர் சுடும் திருவிழாவுக்கு முந்தின வாரம், காய்ச்சலில் போய்விட்டாள். மழையில்தான் தூக்கிக்கொண்டு போனோம். பெலார்மினோவும் ஒதிலோனும் முன்னால் தோள் கொடுத்தார்கள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. மயானம் வரைக்கும், கப்போய்ரா பிறந்தது எந்த ஊரில் என்று தணிந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.