பூஜ்யம் காட்டாத குழாய்

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்பார்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஆனால் இது நடந்தது.

சிமென்ட் ஆலையில் வேலை. காற்றின் வேகத்தில் குழாய்க்குள் ஓடும் தூளை அளப்பவன் நான். குழாயில் ஓட்டை போடமாட்டோம். வெளியே இரண்டு சென்சார்களைப் பட்டையால் கட்டி, உள்ளே தூள் உரசும் சத்தத்தை வைத்தே வேகம் சொல்லிவிடுவோம். அதற்கு முன், எல்லாம் நின்றிருக்கும்போது கருவியில் பூஜ்யம் பதிய வேண்டும். ஆலைக்கு ஞாயிறுதான் விடுமுறை. வீட்டில் எனக்காகக் காத்திருக்க ஆளில்லை என்பதால் அந்த வேலை எப்போதும் என் தலையில்தான் விழும்.

அந்த ஞாயிறு மதியம் 2.10. காற்றடிக்கும் ப்ளோயர் நின்றிருந்தது. கருவி பூஜ்யம் காட்டவில்லை.

கருவியின் ஹெட்போனை மாட்டினேன். டொக்... டொக்...

வெயிலில் இரும்பு விரிகிறது என்று நினைத்தேன். சும்மா ஸ்பானரால் குழாயை மூன்று முறை தட்டினேன்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. டொக். டொக். டொக்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

ஐந்து தட்டினேன். ஐந்து வந்தது.

நாலங்குலக் குழாய். ஆள் நுழைய முடியாது. ஆனால் மறுமுனையில் தூள் சேரும் சைலோ, மூன்று மாடி உயர இரும்புத் தொட்டி. காவலாளிக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, சைலோக்குள்ள யாராவது இருக்காங்களா?”

“நேத்தே எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயாச்சு தம்பி. நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.”

போனை வைத்தேன்.

டொக்.

நான் தட்டவில்லை...

டொக்.

2.41. பூஜ்யப் பொத்தானை அழுத்தினேன். இனி அந்தச் சத்தம் கருவிக்கு ஒன்றுமில்லை. சைலோ மூடியைத் திறந்து பார்க்காமல் ஓடிவந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அதற்குள்ளிருந்து ஒரு துப்புரவுத் தொழிலாளியின் உடலை எடுத்தார்கள். சனிக்கிழமை வெளியேறும் பதிவேட்டில் அவருக்கும் சேர்த்துக் கூட்டாளி கையெழுத்துப் போட்டிருந்தார்.

மேலாளர் முன்னால் அழுதேன். “அவரு தட்டினாரு சார். கேட்டுட்டுத்தான் ஓடினேன். நான்தான் கொன்னுட்டேன்.”

அவர் மருத்துவ அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“அழாதப்பா. நீ திறந்திருந்தாலும் பிரயோஜனமில்ல. சனிக்கிழமை சாயங்காலமே மூச்சு போயிடுச்சு.”

எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.