ரெட்வுட் காட்டில் வெறுங்காலோடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். வீட்டுக்காரர் நல்ல உடம்போடு இருக்கிறார், பெருமாள் ஒரு குறையும் வைக்கவில்லை, அப்புறம் உனக்கு என்னம்மா வருத்தம் என்று கேட்பார்கள். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், அழகாக எழுத வராது. ஆனால் இங்கே கலிபோர்னியாவில் எங்கள் டப்ளின் பக்கத்துப் பிறந்தநாள் விழாக்களில் இதை ஒரு சிரிப்புக் கதையாகச் சொல்கிறார்கள். நடந்தது அது இல்லை.

ஒரு வருஷம் வீட்டுக்காரர் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். முடிவு அவர் போனுக்குத்தான் வரும் என்றார்கள். அது புரட்டாசி மாதம். புரட்டாசியில் எப்போதும் எங்கள் வீட்டில் கறி கிடையாது. அதற்கு மேல் நான் ஒன்று வேண்டிக்கொண்டேன். நல்ல சேதி வரும் வரை காலில் செருப்புப் போட மாட்டேன், ஒருவேளைதான் சாப்பிடுவேன், சேதி வந்ததும் நேராகக் கோயிலுக்கு வந்து இவர் கையால் துளசி மாலை சாத்துகிறோம் என்று. அவரும் பூஜை அலமாரி முன்னால் நின்று, "நானும் சுத்தமா இருக்கேன்" என்றார்.

அந்த வாரக்கடைசியில் இரண்டு குடும்பமும் போய்த் தங்க, காட்டுக்குள் கூடாரம் போடும் இடத்தை எங்கள் அபார்ட்மென்ட்டில் நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர் பல மாதம் முன்பே புக் பண்ணியிருந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். என் பிரசவத்தில் அம்மா இடத்தில் நின்றவர். நான் வரவில்லை என்றேன். "வீட்ல உக்காந்து போனையே பாத்துட்டு இருந்தா பைத்தியம் பிடிச்சிடும். மரத்தடியிலும் பெருமாள் இருக்காரு, வா" என்றார் வீட்டுக்காரர். சரி என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம்.

அங்கே அந்த ரெட்வுட் மரங்களுக்கு உச்சியே தெரியவில்லை. அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டேன். என் மகள், "அம்மா, பீப்பிள் ஆர் லுக்கிங்" என்றாள். பனி மழைபோலச் சொட்டியது. கால் விறைத்துப்போனது. வீட்டுக்காரர் கேம்ப் அடுப்பில் வெந்நீர் வைத்து, பெஞ்சில் என்னை உட்காரவைத்து, தன் கையால் என் கால்களில் ஊற்றினார். "ரொம்பக் குளிருதா?" என்று கேட்டார். இந்த மனுஷனை எனக்கு விட்டுவை சாமி என்று மனசுக்குள் அழுதேன்.

மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை. ஆண்கள் இருவரும், கூடாரம் நனைந்திருக்கிறது, காய வைக்க வேண்டும் என்று தங்கிவிட்டார்கள். அக்காவும் அவர் மகளும் நானும் என் மகளும் நடக்கப் போனோம். உதிர்ந்த இலை மெத்தை போலத்தான் இருந்தது, ஆனால் அடியில் சின்னச் சின்னக் காய்கள் குத்தின. மஞ்சளாக வாழைப்பழம் போல ஒரு நத்தை, ஓடு இல்லாதது, வழியில் கிடந்தது. "அம்மா, டோன்ட் ஸ்டெப் ஆன் இட்" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சிக்னல் வருதாக்கா?" என்று கேட்டேன்.

"இந்தக் காட்டுல ஏது சிக்னல்? எல்லாம் நல்லதாவே வரும், நடடி" என்று அக்கா என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

கொஞ்ச தூரத்தில் பெரிய மரம் ஒன்று விழுந்து பாதையை அடைத்திருந்தது. திரும்பலாம் என்றேன். "இங்கயே உக்காந்து ஏதாவது சாப்பிட்டுப் போலாமே" என்றார் அக்கா.

"நான் விரதம்க்கா."

"அப்ப சும்மா உக்காரு. என்ன அவசரம், புருஷன யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க."

அவர் மகள் பாத்ரூம் போகவேண்டும் என்று அடம்பிடித்ததால் திரும்பினோம். தூரத்திலேயே புகை, அதோடு வாசனை. கிட்டே போனால் அண்ணன் தணலை விசிறிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார் அண்ணன்.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. "என்னங்க இது? ரிசல்ட் வர்றதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "வந்துடுச்சு. வியாழக்கிழமையே. ஒண்ணுமில்லையாம், சும்மா கட்டிதான்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெருமாளே, பெருமாளே என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அப்புறம்தான் வியாழக்கிழமை என்ற வார்த்தை உறைத்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா, வண்டிய நேரா கோயிலுக்கு விடுன்னு நிப்பே. ட்ரிப் அவ்வளவுதான். இந்த இடம் கெடைக்க எவ்வளவு பாடு. ரெண்டு நாள்தானே, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு."

அக்காவைப் பார்த்தேன். அவர் ஒரு மரத்தின் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "உங்களுக்கும் தெரியுமாக்கா?"

"உன் வீட்டுக்காரர்தான் வேணாம்னாரு. நல்ல சேதிதானேடி. கெட்டதா இருந்தா மறைப்பேனா?"

"விடுங்க சிஸ்டர், வீக்கெண்டு பெருமாளுக்கும் லீவு" என்றார் அண்ணன். மூன்று பேரும் சிரித்தார்கள். என் மகள் மட்டும், "அம்மா, யூ கேன் வேர் யுவர் ஷூஸ் நவ்" என்று காரிலிருந்து என் ஷூவை எடுத்து வந்தாள். நான் போட்டுக்கொள்ளவில்லை.

கோழி தின்றதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் நான் ஒவ்வொரு அடியிலும் தாலியை நினைத்து நடந்தேன். அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் என் காலில் வெந்நீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் கையால் மாலை சாத்தினார். பெருமாளுக்கு நன்றி சொன்னேன். மனசார சொன்னேன்.  இன்றைக்கும் அவருக்குச் சமைக்கிறேன், மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். அவர் "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் மட்டும் போனை வாங்கி நானே பார்க்கிறேன். அக்கா வீட்டுக்கு வெள்ளிக்கிழமை பாராயணத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

படிப்பவர்கள் இதை நாலு பேரிடம் சொன்னால் சந்தோஷம். ஆனால் இருப்பதை இருப்பது போலவே சொல்லுங்கள். கடைசியில் நானும் சேர்ந்து சிரித்தேன் என்று சேர்க்கிறார்கள், அதைச் சேர்க்காதீர்கள். அவரைக் கெட்டவர் ஆக்கிவிடவும் வேண்டாம். பெருமாள் வியாழக்கிழமையே கொடுத்துவிட்டார், என் வீட்டு மனுஷர்கள் சனிக்கிழமை வரை என்னிடம் தரவில்லை. இவ்வளவுதான் நடந்தது.