ஏழுமலை பொருத்திய படியைக் கழற்றியவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை. பெரணமல்லூரில் ஒரு நோயாளியின் கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஏழுமலையின் மனைவி கஸ்தூரி. "சிஸ்டர், அவரு பூட்டாருங்க. டீ குடிச்சிகினே சாஞ்சிட்டாரு" என்றார். அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் வண்டி நிழலில் நின்றிருந்தது. அதன் இடப்பக்கப் பின்கதவுக்குக் கீழே கறுப்பு டேப் சுற்றிய இரண்டு ஒயர் துண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கொஞ்சம் ஆறிய பிறகு இந்த அஞ்சலியை எழுதுங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆறிப்போய் எழுதினால் அது ஏழுமலையைப் பற்றியதாக இருக்காது.

ஓட்டுநர் ஏழுமலையை ஆரணியில் பலருக்குத் தெரியும். எங்கள் மருத்துவமனையின் பிக்கப் வண்டியை ஒன்பது வருடம் ஓட்டினார். முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் மருந்துப் பெட்டிகள். சில நாள்களில் நான் கிராமங்களுக்குச் சென்று நோயாளிகளைப் பார்ப்பேன். மற்ற நாள்களில் சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டிலிருந்து டயாலிசிஸுக்கு ஏற்றிவந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவோம். செவிலியராக நான், ஓட்டுநராக அவர். நல்ல பருமன், உரத்த குரல், முன்கோபம். "உங்க டிரைவர் ஏன் எப்பவும் சண்டைக்கு நிக்கறாரு?" என்று கேட்காத ஆள் இல்லை. அவர் தனக்காகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

பழைய வண்டி போய்ப் புதியது வந்த அன்று, எல்லாரும் அதன் நிறத்தைப் பார்த்தோம். அவர் குனிந்து தரையிலிருந்து கதவின் அடிவரை கையால் முழம் போட்டார். "ஒன்றர முழம் சிஸ்டர். யாருக்கு வாங்கனாங்க இத? நம்ம ஆளுங்க காலு இதுக்கு எப்படி எழும்பும்?" என்றார். எழும்பவில்லை. எங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் நாற்பது வருடம் நெசவுக் குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு மிதித்தவர்கள். முழங்கால் போய்விட்டிருந்தது. அவர்களை நானும் அவரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே தள்ளினோம்.

பத்மாவதி அம்மாளை அப்படித் தூக்கியபோது அவருடைய புடவை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. தெருவில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அடுத்த முறை வண்டி போனபோது வீட்டுக்குள்ளிருந்தே, "நான் வரலம்மா. தெருவே பாக்குது. மூட்டை மாதிரி தூக்கிப் போட்டுகினு போற பொழப்பு எனக்கு வேணாம்" என்றார். அதற்கடுத்த முறையும் வரவில்லை. டயாலிசிஸைத் தவறவிட்டால் உடம்பில் நீர் ஏறும், மூச்சு முட்டும். நான் இதையெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழுமலை என்னைத் தடுத்தார். "அவங்களுக்கு அதெல்லாம் தெரியும் சிஸ்டர். மானம் போறதுக்கு உசுரு போவட்டும்னு சொல்றாங்க. அவங்க மேல தப்பு இல்ல, வண்டி மேல தப்பு."

மருத்துவமனையில் படி கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். ஏழுமலை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சாதாரணப் படியை நிரந்தரமாக மாட்டினால் கிராமத்து வேகத்தடைகளில் இடிக்கும். அதனால் வேலூரில் தேடி, கதவைத் திறந்தால் தானாக வெளியே வந்து இறங்கி, சாத்தினால் அடியில் போய் மடங்கிக்கொள்ளும் படி ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கிவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டு வாசலில் வைத்துப் பொருத்தினார். நான் டார்ச் பிடித்தேன். வண்டியின் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே தாங்கிகளை முடுக்கினார். புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. பேட்டரியிலிருந்து ஒயரை ஃபியூஸ் வழியாகக் கொண்டுவந்தார். கதவு திறப்பதை மோட்டாருக்குச் சொல்லும் சின்னக் காந்தத்தை ஒட்டுவதற்குள் மூன்று முறை திட்டினார். கதவைத் திறந்தோம். படி முனகிக்கொண்டே வெளியே வந்தது. அதன்மேல் ஏறிக் குதித்தார். "என்னயே தாங்குதுன்னா ஆரணி மொத்தத்தையும் தாங்கும்" என்றார். பிறகு இறங்கி அளந்துவிட்டு, இன்னும் உயரம் என்று எல்லாவற்றையும் கழற்றி, இரும்புத் துண்டுகள் கொடுத்து நான்கு விரற்கடை இறக்கி மறுபடியும் மாட்டினார். இருட்டுவதற்குள் முடிந்தது.

மறுநாள் பத்மாவதி அம்மாள் வீட்டு முன் வண்டியை நிறுத்திக் கதவை மட்டும் திறந்துவிட்டு விலகி நின்றார். அந்த அம்மாள் வெளியே வந்து, இறங்கி நின்ற படியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு காலை வைத்தார். கைப்பிடியைப் பற்றினார். அடுத்த காலையும் வைத்துத் தானாகவே உள்ளே போய் உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வாடகைக் கார் அமர்த்தியவர் மாதிரி, "போலாம்பா" என்றார். ஏழுமலை முகத்தைத் துடைத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

ஒன்றரை வருடம் அந்தப் படி வேலை செய்தது. மழைக்காலத்தில் மூட்டுகளில் சேறு புகுந்து பாதியில் நின்றுவிடும். தினமும் காலையில் மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் வைத்துக்கொண்டு அடியில் படுத்துச் சுத்தம் செய்வார். படி மடங்கும்போது யாருடைய காலும் சிக்கிவிடக் கூடாது என்பதற்காகக் கதவைச் சாத்தும் உரிமையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. "கதவ சாத்தறதுக்கு முன்ன கால எண்ணணும் சிஸ்டர்" என்பார். நான் ஒருமுறை அவசரத்தில் சாத்தப்போய் வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு புதிய நிர்வாக அதிகாரி வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, "இது கம்பெனி ஃபிட்டிங் கிடையாதே. வாரண்டி போயிடும். யார் பர்மிஷன் கொடுத்தது?" என்றார்.

"நோயாளிங்க ஏற முடியல சார். அதான்."

"நீங்க டிரைவர். வண்டியை ஓட்டுனா போதும்."

"ஓட்டறதுக்கு முன்ன அவங்க ஏறணும் இல்ல சார்?"

அந்தப் பதிலை அவர் மன்னிக்கவில்லை. ஏழுமலை உறவினர் திருமணத்துக்கு வெம்பாக்கம் போயிருந்த இரண்டு நாள் விடுப்பில் படியைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். திரும்பி வந்து பார்த்தவர் அலுவலக வாசலில் நின்று கத்தினார். எல்லாருக்கும் கேட்டது. அதிகாரி அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு மரமுக்காலியைத் தன் செலவில் வண்டியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவர் வீட்டிலும் சொல்வார்: "படி இல்ல, இருங்க, நான் வந்து முக்காலி போடறேன்." பத்து நாள் அப்படி ஓடியது. பதினோராம் நாள் பத்மாவதி அம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். டயாலிசிஸ் முடிந்த களைப்பு. நான் வலப்பக்கம் என் பையை எடுத்துக்கொண்டிருந்தேன். "இருங்கம்மா, வரேன்" என்று ஏழுமலை வண்டியைச் சுற்றி ஓடிவரும் சத்தம் கேட்டது. அதற்குள் அந்த அம்மாள் கதவைத் திறந்து, ஒன்றரை வருடப் பழக்கத்தில், காலை வெளியே வைத்துவிட்டார். கால் வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இன்றுவரை அவர் எழுந்து நடக்கவில்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று முடிவெழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். படி என்ற சொல் அந்த அறிக்கையில் எங்குமே இல்லை. என்னிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். "நான் வண்டியின் மறுபக்கத்தில் இருந்தேன், விழுந்ததைப் பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைவிடக் கோழைத்தனமான வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

போன மாதம் ஆரணி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். அரிசி ஆலைக்கு லாரி ஓட்டுவதாகச் சொன்னார். இளைத்திருந்தார். "பத்மாவதிம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். பிறகு, "பாக்கலன்னு எழுதனீங்களாமே சிஸ்டர். விழுந்தத பாக்கல, சரி. படி இல்லாதத பாத்தீங்க இல்ல?" என்றார். கத்தவில்லை. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பதில் சொல்வதற்குள் என் பேருந்து வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

அவர் இறந்த நான்காம் நாள் மருத்துவமனையில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். படத்துக்கு மாலை போட்டு அந்த அதிகாரியே பேசினார். "நோயாளிகளுக்காகத் தன் சொந்தப் பணத்தில் படி பொருத்திய உயர்ந்த உள்ளம்" என்றார். எழுந்து, "அந்தப் படி இப்ப எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். "சிஸ்டர், இது அதுக்கான நேரம் இல்லை" என்றார். "அவரு உயிரோட இருந்தப்பவும் அதுக்கான நேரம் இல்லைன்னுதானே சொன்னீங்க? உங்க கிடங்குல, உடைஞ்ச கட்டிலுக்கு அடியில கிடக்குது சார். கழட்டச் சொன்னது நீங்க. பத்மாவதி அம்மா விழுந்தது அதனால. வேலை போனது இவருக்கு" என்றேன். யாரோ என் தோளைப் பிடித்து உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

கஸ்தூரி கூட்டத்துக்கு வரவில்லை. மறுநாள் வீட்டுக்குப் போனேன். "பணம் காசு கேக்கல சிஸ்டர். அவரு அஜாக்கிரதையா இருந்தாருன்னு எழுதன காயிதம் வீட்ல கீது. இல்லன்னு ஒரு காயிதம் வேணும். எம்பொண்ணு நாளைக்கு எதப் படிப்பா?" என்றார்.

எழுதினேன். படி எப்போது பொருத்தப்பட்டது, யார் கழற்றச் சொன்னார்கள், அதற்குப் பிறகு ஏழுமலை ஒவ்வொரு வீட்டிலும் என்ன சொல்லி எச்சரித்தார், அன்று எந்தத் திசையிலிருந்து அவர் ஓடிவரும் சத்தம் கேட்டது, எல்லாவற்றையும் எழுதினேன். முந்தைய வாக்குமூலத்தில் நான் மறைத்தவை இவை என்றும் எழுதினேன். ஒரு பிரதியை மருத்துவமனையில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். மறுநாளே என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. இன்னொரு பிரதியைக் கஸ்தூரியிடம் கொண்டுபோனேன். படித்துக் காட்டச் சொன்னார். முழுவதும் படித்தேன். காகிதத்தை வாங்கி நான்காக மடித்துக்கொண்டார்.

"இத அவரு இருக்கும்போதே எழுதியிருக்கலாமே சிஸ்டர்" என்றார்.

எழுதியிருக்கலாம். ஏழுமலையை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. அதில் பாதி அந்த அதிகாரிக்கு. மீதிப் பாதி எனக்கு.