மகள் கம்பெனியில் என் பதவி

இதை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். வத்தல் விலை, மகனின் பரீட்சை, மனைவியின் மூட்டுவலி... எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தில் உங்களிடம் கொட்டியவன்தான். இதை மட்டும் எழுதவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, இதில் நான் நன்றாக அசடு வழிந்திருக்கிறேன். இரண்டு, என் அண்ணன் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்.

"உங்க மக ஆப் கம்பெனி வச்சிருக்காகளாமே அண்ணாச்சி? எம்மகனும் பெங்களூரு வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்தே ஆப் பண்றான். நான், என் தம்பி, மச்சினன், எல்லாரும் சேந்து ஒரு கூட்டு வியாபாரப் பத்திரம் எழுதிருவோம்னு பாக்குறேன். சரிதான?"

எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. "கொஞ்சம் பொறுங்க, அவசரப்பட்டுறாதீக" என்றேன். பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதியா அது? அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

நான் விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிறவன். படிப்பு பத்தாவதோடு சரி. மகள் செல்வி இன்ஜினியரிங் முடித்தவள். மாடி அறையில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, யாரிடமும் சம்பளம் வாங்காமல், சொந்தமாக ஆப் எழுதுகிறாள். அவள் எழுதியதில் ஒன்று, மழையையும் இடியையும் முன்கூட்டியே சொல்லும் ஆப்.

எங்கள் பக்கத்தில் அது எம்புட்டுப் பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பட்டாசு ஆலையில் சரக்கைத் திறந்தவெளி மேடையில் காயப்போட்டிருப்பார்கள். மழை வந்தால் சரக்கு போச்சு. இடி மின்னல் வந்தால்... அதை எழுதவே கை வரவில்லை. வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் உடனே வெளியே வந்தாக வேண்டும். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் செல்வி என்ன செய்தாள்? கேட்டுக்கு வெளியே இருக்கும் ஆபீஸ் போனுக்குச் சத்தம் வருகிற மாதிரி எழுதினாள். அதைக் கேட்டு வாட்ச்மேன் மணி அடிப்பார்.

சிவகாசிப் பக்கம் ஆலை வைத்திருக்கும் தங்கவேல் அண்ணாச்சி ஒரு மாதம் அதை ஓட்டிப் பார்த்தார். பிறகு வீட்டுக்கே வந்துவிட்டார். "நல்லா வேலை செய்யுது தாயி. சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முந்தி அக்ரிமெண்ட் போட்டுருவோம். எந்தக் கம்பெனி பேருல போடணும்னு மட்டும் சொல்லு."

கம்பெனியா? செல்வியிடம் ஏது கம்பெனி?

அங்கேதான் நான் உள்ளே புகுந்தேன். மகளுக்கு ஒன்று செய்யாமல் அப்பன் எதற்கு? நாங்கள் வியாபாரக் குடும்பம். என் கடையே கூட்டுதான். அண்ணன், நான், அப்புறம் மாரியம்மன். ஆமாம், அம்மனுக்கும் ஒரு பங்கு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பங்கு வருஷா வருஷம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் அன்னதானமாகப் போய்விடும். அதே அச்சில் மகளுக்கும் ஒரு பத்திரம் அடித்தேன். நல்ல நாள் பார்த்து இருக்கன்குடிக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்து, குங்குமத்தோடு திரும்பினேன்.

யாரைக் கேட்டேன்? யாரையும் கேட்கவில்லை. ஆப் எழுதியவளைக்கூட.

செல்வி பத்திரத்தைப் படித்தாள். முதலில் பெரியப்பா பெயர். அடுத்து என் பெயர். அடுத்து அவள். கடைசியில் அம்மன்.

"நான் மூணாவதாப்பா?"

"வயசு வரிசையில போட்டிருக்கு பாப்பா."

"அப்ப அம்மனுக்கு என்னைய விட வயசு கம்மின்னு முடிவு பண்ணிட்டீகளா?"

மனைவி கோமதி அடுப்படியிலிருந்து சிரிப்பது கேட்டது.

"பெரியப்பாவுக்கு ஆப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் செல்வி.

"ஏன், வாட்ஸப்ல தினம் குட் மார்னிங் அனுப்புறார்ல?"

"அனுப்புறாரு. மத்தியானம் ரெண்டு மணிக்கு."

(அண்ணே, மன்னிச்சுக்கோங்க. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.)

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சரிப்பா, கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி ஒரு ஆடிட்டரப் பாத்துருவோம்" என்று மெதுவாகச் சொன்னாள். அதுதான் சுருக்கென்றது.

சூலக்கரைப் பக்கம் ஓர் ஆடிட்டர் மேடம். மூன்று பேரும் போனோம். திரும்பும்போது ஜவுளிக்கடைக்குப் போகலாம் என்பது கோமதியின் திட்டம்.

மேடம் என் பத்திரத்தைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நல்ல சகுனம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த கேள்வியிலேயே சாய்ந்துவிட்டேன்.

"சார், ஒரு நாள் இடி வருது. ஆப் சொல்லாம விட்டுருது. உள்ள ஆளுக இருக்காக. அப்ப என்ன ஆகும்?"

பத்திரத்தை மூடி வைத்துவிட்டு அவரே சொன்னார்.

"கேஸ் வந்தா கூட்டுல இருக்க எல்லார் மேலயும் வரும். கூட்டோட சொத்து பத்தலைன்னா உங்க சொந்த வீடு, உங்க அண்ணன் வீடு, எல்லாம் உள்ள வரும். செல்வி எழுதின ஆப்புக்கு உங்க அண்ணன் பதில் சொல்லணும். உங்க அண்ணன் கூட்டு பேருல எங்கயாச்சும் கையெழுத்துப் போட்டா, அதுக்குச் செல்வி பதில் சொல்லணும்."

எங்கள் வீடு கோமதியின் நகையும் என் இருபது வருஷ உழைப்பும் சேர்ந்து எழுந்தது. அதை நானே பத்திரத்தில் சுற்றி, குங்குமம் வைத்து, மேசை மேல் நீட்டியிருக்கிறேன்!

"என் பேருல தனியா வச்சுக்கிட்டா மேடம்?" என்று கேட்டாள் செல்வி.

"அது ரொம்பச் சுலபம்மா. விளையாட்டு ஆப், பாட்டு ஆப்னா நானே அப்படித்தான் ஆரம்பிக்கச் சொல்வேன். ஆனா அதுல நீயும் தொழிலும் ஒண்ணு. உன் பேருல என்ன சொத்து இருந்தாலும் அது பதில் சொல்லணும். இது ஆள் உசுரு சம்பந்தப்பட்டது. நீ ஒருத்தி மட்டும் வச்சு நடத்துற மாதிரி ஒரு கம்பெனி பதிஞ்சிருவோம். சட்டத்துக்கு அது தனி ஆளு. கடன், கேஸ் எல்லாம் அது பேருல நிக்கும். வருஷா வருஷம் ஆடிட், ஃபைலிங்னு வேலை இருக்கு. அதுக்காக, நீ கவனமில்லாம தப்புப் பண்ணா கம்பெனி பின்னாடி முழுசா ஒளிஞ்சுக்கலாம்னு நினைக்காத. அக்ரிமெண்ட்ட தெளிவா எழுது. இன்சூரன்ஸ் எடு."

எனக்கு ஒரே கவலை. "அம்மனுக்கு ஒரு பங்கு..."

"ஒருத்தர் கம்பெனியில ஒருத்தர்தான் சார். அதுவும் போக, அம்மன் போனுக்கு ஓ.டி.பி. வருமா?"

கோமதி வாய்விட்டுச் சிரித்தாள். செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வர்ற லாபத்துல நான் குடுத்துக்கிறேன்ப்பா. அது எனக்கும் அம்மனுக்கும் உள்ள ஏற்பாடு. ரிஜிஸ்டர் பண்ண வேண்டியதில்ல" என்றாள்.

சரி. அண்ணன் போனார், நான் போனேன், அம்மனும் போயாச்சு. மகள் தொழிலில் எனக்கு ஒரு மூலைகூட இல்லையா என்று உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. அப்போது மேடம் கேட்டார்.

"இந்த மாதிரி கம்பெனிக்கு ஒரு நாமினி கட்டாயம் வேணும். யாரைப் போட?"

"என் பேரு! என் பேரு போடுங்க!" பள்ளிக்கூடத்தில்கூட அப்படிக் கை தூக்கியதில்லை நான்.

சம்மதப் படிவம் வந்தது. பேனாவைத் திறந்தேன். திறந்தவன், பெருமையாக ஒரு கேள்வியும் கேட்டேன். "நாமினிக்கு என்ன வேலை மேடம்?"

மேடம் கொஞ்சம் தயங்கினார். "செல்விக்கு ஏதாவது ஆயிட்டா... அவங்க இடத்துக்கு நீங்க வரணும் சார்."

பேனாவை மூடிவிட்டேன்.

நான் அல்லவா முந்திப் போக வேண்டியவன்? பெற்ற மகளுக்குப் பின்னால் நான் என்று எந்த அப்பன் எழுதிக் கொடுப்பான்?

"போடுங்கப்பா" என்றாள் செல்வி.

"வேணாம் தாயி. தம்பி பேரப் போடு."

"அவனுக்குப் பதினாறுதான்ப்பா. மேஜர் ஆகணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் ஃபைலில் எதையோ தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். கோமதிதான் பேசினாள்.

"இவ பிறக்கையில ஆஸ்பத்திரியில ஒரு பேப்பர நீட்டுனாகளே, ஞாபகம் இருக்கா? தாய்க்கோ பிள்ளைக்கோ எது ஆனாலும் சம்மதம்னு. அன்னைக்கும் இப்படித்தான் வராண்டாவுல நின்னு அழுதீக. அழுதுக்கிட்டே போட்டீக. போட்டதாலதான் நாங்க ரெண்டு பேரும் இங்கன உக்காந்திருக்கோம். எமன் என்ன, ஆன்லைன்ல ஃபாரம் பாத்தா வாரான்? போடுங்க, ஜவுளிக்கடை சாத்திருவான்."

மாரியம்மா என்று சொல்லிக்கொண்டே போட்டேன். எழுத்து கோணிவிட்டது.

கம்பெனி பதிவானது. தங்கவேல் அண்ணாச்சி அதன் பெயரில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீசனில் ஒரு மத்தியானம் வானம் நல்ல வெயிலாக இருக்கும்போதே ஆபீஸ் போன் அலறியதாம். மணி அடித்து, ஆட்கள் எல்லாரும் வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் இடி இறங்கியதாம். செல்வி அன்று சாப்பிடவில்லை. "ஆப் சொல்லாம விட்டிருந்தா?" என்று ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டு, தனி, கம்பெனி — எந்தப் பெயரில் வைத்தாலும் அந்தப் பயத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கூட்டு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. என் கடை இன்றும் கூட்டுதான். வத்தல் மூட்டைக்குச் சரியாக வருகிற சட்டை ஆப்புக்கும் வரும் என்று அளவெடுக்காமல் தைத்தேனே, அதுதான் தப்பு. முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். அடுத்து ஒரு ஆடிட்டரிடம் கேளுங்கள். நல்ல நாள் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மகள் கம்பெனியில் எனக்குக் கிடைத்தது அந்த நாமினி பதவி ஒன்றுதான். அது எனக்கு வரவே கூடாது என்றுதான் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுகிறேன்.

ஆப் எழுதுகிற பிள்ளை உள்ள வீடு எதற்காவது இது உதவும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஒன்றைக் கூட்ட வேண்டாம், ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, நான் பேனாவைத் திறந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்!