ஊமைக் கணினி

நில்டாவுக்கு வால்தெர்மேல் பொறாமை வந்தது லினக்ஸால் அல்ல. மான்டெவிடியோ நகரின் செர்ரோ பகுதியில் அந்தச் சின்ன வானொலியை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். நில்டா பகலெல்லாம் பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் வந்து பேட்டிகளை வெட்டி ஒட்டிச் சீராக்குவாள். அவள் வேலை யார் காதுக்கும் தெரியாது. தெருவில் ஜனங்கள் நிறுத்தி விசாரிப்பதோ வால்தெரை, அவன் குரலுக்காக.

ஒருநாள் வானொலிக் கூட்டத்துக்கு அவன் மடிக்கணினியோடு வந்தான். அதில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் போட்டிருந்தான். திறக்கும்போது எது வேண்டுமென்று கேட்கும். மாத்தே தேநீர்க் குவளை கைமாறிக்கொண்டிருக்க, எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். நில்டாவுக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சனிக்கிழமையே அவளும் போட்டாள். தன் கணினியின் வன்தட்டை இரண்டாகப் பிரித்தாள், பழையது பழையபடி இருந்தது, புதியது அழகாகத் திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. ஒலியைக் கொண்டு பிழைக்கும் வானொலியில் ஊமைக் கணினி எதற்கு? வால்தெரைக் கேட்டிருக்கலாம். செத்தாலும் கேட்கமாட்டாள். எப்படிப் போகிறது என்று அவனே கேட்டபோது, பிரமாதம் என்றாள்.

வானொலி வேலையை விண்டோஸில் முடிப்பதும், பிறகு லினக்ஸோடு மல்லுக்கட்டுவதுமாக வாரங்கள் போயின. இணையத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் கோளாறு தெரிந்தது. ஒலி முழுவதும் திரைக்குப் போகும் கம்பி வழியே போய்க்கொண்டிருந்தது. சரியான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே ஒலிபெருக்கியின் ஒலியளவைக் காட்டும் பட்டைக்கடியில் 'MM' என்றிருந்தது: வாய் மூடியிருக்கிறது என்று பொருள். M விசையைத் தட்டியதும், ஓடிக்கொண்டிருந்த பேட்டிப் பதிவில் யாரோ ஒரு பேருந்து ஓட்டுநர் பாதி வாக்கியத்தில் பேசத் தொடங்கினார். நில்டா அழுதேவிட்டாள்.

அடுத்த வாரம் நிலையத்தில் வால்தெரின் கணினி உறைந்துபோனது. அவன் அணைத்துத் திறந்தான். எது வேண்டுமென்று கேட்கும் பட்டியல் வந்தது. பின்னால் நின்ற நில்டா பார்த்துக்கொண்டிருக்க, அவன் விரல் யோசிக்காமல் விண்டோஸுக்கு இறங்கியது. திரும்பியவன் அவளைப் பார்த்துவிட்டான்.

"அதுல சத்தம் வரல, நில்டா. மொதல்லேருந்தே வரல."

"அப்ப அன்னிக்கு அவ்வளவு பேர்கிட்ட பெருமையடிச்சது?"

"சத்தம் வருதுன்னு நான் யார்கிட்ட சொன்னேன்?"

அவள் மனம் ஒரு நிமிடம் துள்ளியது. அப்புறம், "எந்திரி, தள்ளு" என்று அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே கோளாறுதான். கொஞ்ச நேரத்தில் கணினி பாடியது.

இதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தாள். ஆனால் அடுத்த கூட்டத்தில் வால்தெர் எல்லாவற்றையும் தானே போட்டு உடைத்தான். ஊமைக் கணினியை வைத்துக்கொண்டு தான் அலட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நில்டா இல்லையென்றால் தன் கதி அவ்வளவுதான் என்றான். அவளுக்குக் கை தட்டினார்கள். அவன் தோளிலோ கை போட்டுக்கொண்டார்கள். தன் கணினியும் அத்தனை நாள் ஊமையாகக் கிடந்ததைச் சொல்ல அவளுக்கு அப்போதும் வாய் வரவில்லை.

இப்போது லினக்ஸ் போடுகிறவர்கள் நில்டாவைத் தேடி வருகிறார்கள். எல்லோருக்கும் பொறுமையாகச் செய்து கொடுக்கிறாள். உட்காரும் முன் ஒன்று மட்டும் கேட்பாள்:

"மொதல்ல வால்தெர்கிட்டயா போனீங்க?"

"ஆமா. அவர்தான் உங்ககிட்ட போகச் சொன்னார்."

அந்தப் பதிலும் அவளுக்குப் பிடிப்பதில்லை.