தமிழரசி எழுதும் ஊர்களும் எங்கள் சந்துச் சாக்கடையும்

தமிழரசியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் வீட்டு வாசலில் இருந்துதான் தொடங்க வேண்டும், மூக்கைப் பொத்திக்கொண்டு. பர்மாவில், க்யிம்யிண்டைங் என்கிற பேட்டையின் படித்துறைப் பக்கம் எங்கள் சந்து. அவள் வாசற்படிக்குக் கீழே சாக்கடை ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். ஓடினால்தானே! கறுத்து நுரைத்து, கோழிக்குடலும் தேயிலைச் சக்கையுமாகக் கிடக்கிறது. சோற்றுத் தட்டை எடுத்தால் அந்த வாடை முதலில் வந்து உட்காரும்.

அந்தப் படிக்கு உள்ளே உட்கார்ந்துதான் அவள் அமெரிக்கா, கனடா ஊர்களைப் பற்றி எழுதுகிறாள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஊர்ப் பெயரை அனுப்பும். கரண்டு இருக்கிற நேரத்தில் இவள் தேடிப் பிடித்து, அந்த ஊரில் எவ்வளவு சனம், மேயர் எப்படிப் பதவிக்கு வருகிறார், கவுன்சில் என்றைக்குக் கூடும், குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்று இங்கிலீஷில் எழுதி அனுப்புவாள். ஒரு ஊரையும் கண்ணால் பார்த்தவள் இல்லை. ஆற்றைக் கடக்கும் தன்லியின் பாலத்தைத் தாண்டுவதே அவளுக்குப் பெரும் பயணம்.

ஒருநாள் ஃபோர்ட் வெய்ன் என்ற அமெரிக்க ஊரை எழுதி முடித்துவிட்டு வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

"நம்ம பர்மாக்காரங்க நெறைய பேரு போய்க் குடியிருக்கிற ஊரு, பெரியப்பா. மூணு ஆறு கூடுற எடம். மூணு ஒண்ணு ஒண்ணுன்னு போன் அடிச்சா முனிசிபாலிட்டியே எடுக்குமாம்."

"எடுத்து?" என்றாள் எதிர்வீட்டுக் கரீமா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"எந்தத் தெரு, என்ன கொறைன்னு கேப்பாங்க அக்கா."

"இங்க அடிச்சா நீ யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேப்பானுங்க. போனை வையி."

கரீமா சொன்னது சரிதான். எங்கள் ஆட்களுக்கு முதல் கேள்வி அதுதான். ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழரசியின் அப்பா பிரேம்நாத் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி, இப்போது இல்லை. பிரேம்நாத்தின் அப்பா இராமையா வெள்ளைக்காரன் காலத்து முனிசிபாலிட்டியில் மலவண்டி ஓட்டியவர். இராமையாவின் தங்கை மகன்தான் சந்து முனையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் செல்வம். தமிழரசிக்கு மாமா முறை. இப்போது கோயில் தர்மகர்த்தா. இராமையா ஓட்டிய வண்டிக்குப் பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் இந்தச் செல்வத்தின் அப்பா. அதை இன்று செல்வத்திடம் சொல்லிப் பாருங்கள். காது கேட்காது.

சாக்கடையை அடைத்ததும் அவர்தான். கடைக்கு முன்னால் நாற்காலி போட இடம் வேண்டுமென்று சாக்கடை மேல் சிமெண்டுப் பலகை போட்டார். கடைக் கழிவெல்லாம் அதன் அடியில் போய் இறுகிவிட்டது. தமிழரசி தன் வாசலை எத்தனை தடவை அள்ளினாலும், அடைப்பு அந்தப் பலகைக்குக் கீழே அல்லவா இருக்கிறது?

போன மழைக்கே தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. உள்ளே அவள் அம்மா வேலம்மா சர்க்கரை வியாதிக்காரி. பாதத்தில் ஆறாத புண். "அழுக்குத் தண்ணி பட்டா காலை எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அம்மாவின் காலைக் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு இவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் அம்மன் திருவிழாவுக்குக் கோயிலில் கூட்டம் போட்டார்கள். சந்துக்குள் மட்டும் தேர் சுற்றிவர உத்தரவு கொடுக்கப் பேட்டை அதிகாரி வந்திருந்தார், பர்மாக்காரர். அவருக்குத் தனி நாற்காலி, தனி விசிறி, தனி வடை. செல்வம் குனிந்த குனிவில் முதுகு ஒடிந்துவிடும் போலிருந்தது.

"வேற ஏதும் பேசணுமா?" என்று வழக்கத்துக்குக் கேட்டார்கள். யாரும் பேச மாட்டார்கள் என்பதும் வழக்கம். தமிழரசி எழுந்தாள். அமெரிக்காவில் கவுன்சில் கூட்டத்தில் சாதாரண சனமும் எழுந்து பேரையும் தெருவையும் சொல்லிக் குறையைச் சொல்லலாம் என்று அவள் எத்தனை ஊருக்கு எழுதியிருப்பாள்! கை அப்படியே பழகிவிட்டது போலும்.

"என் பேரு தமிழரசி. இந்தச் சந்துதான். செல்வம் மாமா கடைப் பலகையால சாக்கடை அடைச்சிருக்கு. எங்கம்மா காலு போயிரும். பலகையை எடுக்கணும்."

தேர் உத்தரவு போய்விடுமோ என்று எல்லோர் முகத்திலும் பயம். செல்வம்தான் சிரித்தார்.

"ஏம்மா, இது என்ன ஒன் அமெரிக்கா முனிசிபாலிட்டியா? ஒங்க தாத்தா மலவண்டி ஓட்டினவரு. சாக்கடையில எறங்க ஒனக்கு ஆளு வேணுமா?"

சிரித்தார்கள். சொந்தம், பந்தம், அவளை மடியில் போட்டு வளர்த்தவர்கள், அத்தனை பேரும் சிரித்தார்கள். அதிகாரி என்னவென்று கேட்க, செல்வம் பர்மிய மொழியிலும் அதையே சொல்ல, அவரும் வடையை மென்றபடி சிரித்தார். "அவரவர் வாசலை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். தூ!

திருவிழா விடியலில் செல்வம் பட்டுக்கரை வேட்டியோடு கோயிலில் இருந்தார். தமிழரசி பாவாடையைத் தூக்கிச் செருகி, நீளக்காம்பு மண்வெட்டியோடு பலகைக்கு அடியில் இறங்கினாள். கரீமாவும் வாளியோடு வந்தாள். வந்ததெல்லாம் என்ன தெரியுமா? கோழிக்கால், பிளாஸ்டிக் பை, போன வருசத்து அம்மன் மாலை, பூஜைத் தேங்காய் மூடி. கண்ணால் பார்த்தால் சாமி கும்பிடவே கூசும். அத்தனையையும் அள்ளி, செல்வம் கடை வாசலிலேயே குவித்தார்கள். தண்ணீர் கொடகொடவென்று ஆற்றுப் பக்கம் ஓடியது.

செல்வத்துக்குக் கடையும் வீடும் ஒன்றுதான்; தேர் முதலில் நிற்பதும் தர்மகர்த்தாவின் அந்த வாசலில்தான். நிற்கும் வாசலை அந்த வீட்டுக்காரரே தன் கையால் கூட்டி மஞ்சள் நீர் தெளிக்க வேண்டும். கூலிக்கு ஆள் விட்டால் அம்மன் ஏற்க மாட்டாள் என்பது எங்கள் சந்தின் கட்டு.

செல்வம் ஓடி வந்தார். "அடியே, என்ன வேலைடி பண்ணி வச்சிருக்க? தேரு வருது!"

"பேரைச் சொல்லுங்க, தெருவைச் சொல்லுங்க, அப்புறம் கொறையைச் சொல்லுங்க மாமா" என்றாள், கையைக் கழுவிக்கொண்டே.

"அவரவர் வாசல் அவரவருக்குன்னு அதிகாரியே சொல்லிட்டாரு" என்றாள் கரீமா.

மேளம் நெருங்கியது. செல்வம் வேட்டியை மடித்துக் கட்டிக் கூடையை எடுத்து, குவியலை அள்ளித் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் அப்பா நடந்த நடையேதான்.

அன்று மாலை மழை கொட்டியது. வேலம்மா காய்ந்த தரையில் காலை ஊன்றி உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். ஆனால் அன்னதானத்தில் தமிழரசி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் இலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அதிலே இரண்டு பேர் எனக்குத் தாயாதி. அவர்களோடு எனக்கு இனிப் பேச்சில்லை.

மழை விட்டதும் செல்வம் எச்சில் இலைகளை ஒரு கட்டாக அள்ளிக்கொண்டு வந்து, அதே சாக்கடையில் போட்டார். தமிழரசி வாசலில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள்.

"மாமா, தேரு வருசா வருசம் வரும்."

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து, ஒவ்வொரு இலையாக எடுத்தார். வெட்கத்தால் எடுத்திருந்தால் எனக்கும் மனம் ஆறியிருக்கும். அடுத்த தேருக்கும் கடை வாசல் நாறுமே என்ற பயத்தில் எடுத்தார்.