பெயர் தெரியாத கூட்டாளிகள்

எழில் எனக்குச் சித்தப்பா பேரன். அவன் அப்பன் வீரராகவன் எனக்குத் தம்பி முறை, அதனால் அவனுக்கு நான் பெரிப்பா. தாய் கன்னியம்மாள் கொரட்டூரில் பிறந்தவள். மூத்த பெண் கிருஷ்ணப்பிரியாவை அயப்பாக்கத்து வினோத்துக்குக் கொடுத்தார்கள். இளையவன்தான் எழில், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பாரிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய்ப் பட்டறைகளில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பான். வீட்டில் நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவான்.

அவனுக்கு இன்னொரு பெயர் இருந்ததே போலீஸ் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். போனில் ஒரு குழு. அதில் அவன் பெயர் பூரான். கூட இருந்தவர்கள் தேள், காக்கா, ஓணான் என்று இப்படி. யாருக்கும் யாருடைய முகமும் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. அதுதான் அவர்கள் சட்டமாம். பெரிய இடத்துக்காரர்கள் மறைத்து வைப்பதைக் கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்து எடுத்து ஊருக்குக் காட்டுவது வேலை. அதில் காசு கிடையாது. உறவு இன்னதென்று தெரியாமல் ஒருத்தரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை நாங்கள். இவன் வருஷக்கணக்கில் பேசியிருக்கிறான்.

ஒரு மருந்துக் கம்பெனி தன் கழிவுத் தண்ணீரை டேங்கர் லாரியில் கொண்டுவந்து ஏரிக் கால்வாயில் விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கம்பெனிக்காரர்களே ஒருவருக்கொருவர் அனுப்பிய மெயில்களை இந்தக் குழு எடுத்து வெளியே போட்டது. டிவியில் ஓடியது. கம்பெனிக்குப் பூட்டு விழும் என்றார்கள். விழவில்லை. போட்டவர்களைத் தேடத்தான் ஆள் கிளம்பியது.

அந்தச் சமயத்தில் கிருஷ்ணப்பிரியா மகள் நிவேதிதாவுக்குக் காது குத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் சீர்த்தட்டோடு மேளத்தோடு தெருவில் நடந்து வர வேண்டும். எழில் ஒருத்தன்தான் மாமன். அன்றைக்குக் குழுவில் வர முடியாது என்று எழுதியிருக்கிறான். ஏன் என்று கேட்டதற்கு, நான் தாய்மாமன்பா என்று சொல்லிவிட்டான். பிற்பாடு கேஸ் கட்டில் அந்தப் பேச்செல்லாம் இருந்தது. வக்கீல் படித்துக் காட்டினார்.

“இன்னா மாமே, சீரு இன்னா? மோதிரமா, தோடா?”

“பூரானுக்கு அக்காலாம் கீதா? நான் அது கல்லு இடுக்குல பொறந்துச்சுன்னு நெனச்சேன்.”

“பாப்பா கடிச்சுடப் போவுது, கைய பத்திரமா வெச்சுக்கோ.”

சந்தோஷத்தில் ஒரு போட்டோவும் அனுப்பிவிட்டான். தலைகளையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் அனுப்பினான். அவன் மடி, பட்டு வேட்டி, குழந்தையின் ஒரு காது, புதுத் தோடு. ஆனால் பின்னால் மண்டப வாசலில் வினோத் கட்டிய பேனர் இருந்தது. எங்கள் சனத்தில் விசேஷம் என்றால் அத்தை, மாமன், சித்தப்பன் என்று அத்தனை தலையும் பேனரில் வர வேண்டும். ஒன்று விட்டுப்போனால் சண்டை. அதில் எல்லாருக்கும் மேலே, கறுப்புக் கண்ணாடி போட்டு, ‘தாய்மாமன் எழில்’. போட்டோவில் விழுந்தது பேனரின் கீழ் ஓரம் மட்டும். குழந்தையின் பெயரும் மண்டபத்தின் பெயரும் அங்கே இருந்தன. அது போதும். குழுவில் ஓணான் என்றிருந்தவன் கம்பெனி வைத்த ஆள்.

எழிலைப் பட்டறையிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். வினோத்தும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் கத்துகிற ஆள் இல்லை. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.

“கூட இருந்தவன் ஒருத்தன் பேரைச் சொல்லு தம்பி. உன்னை சாட்சியா போட்டு அனுப்பிடறேன். இல்லன்னா எல்லாம் உன் தலையிலதான் வுழும்.”

“பேரு தெரியாது சார்.”

“வருஷக்கணக்கா பேசிகினு இருந்திருக்க. பேரு தெரியாது.”

“யாரு பேரும் யாருக்கும் தெரியாது சார்.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கே நம்பிக்கை வரவில்லை, அவரைச் சொல்லி என்ன.

வினோத் அவனைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனான்.

“மச்சான், எதுனா ஒரு பேரை சொல்லிட்டு வாடா. உங்க எஸ்டேட்டுல சண்முகசுந்தரம்னு ஒருத்தன் கீறான்ல, அவனுக்கும் கம்ப்யூட்டர் தெரியும். அவன் பேரை சொல்லு.”

“அவன் இன்னா பண்ணான் மாமா?”

“ஒண்ணும் பண்ணலன்னா வுட்டுடுவாங்க.”

“கம்பெனிக்காரனையே வுட்டாங்க. இவனை வுடமாட்டாங்க.”

“உங்கம்மா சோறு துன்னாம கெடக்குது. இவரு பெரிய தியாகி.”

எழில் திரும்பிப் போய் இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்து, பேரு தெரியாது என்றே சொன்னான். அன்று சாயங்காலமே புழல் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். குழு அதற்குள் கலைந்துவிட்டது. எங்கே இருக்கிறான் என்று கேட்க ஒரு ஜீவன் வரவில்லை. மழைக்காலம் முழுக்க உள்ளே கிடந்தான். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட வினோத் வீட்டார் வர மறுத்துவிட்டார்கள். கன்னியம்மாள் தம்பி ஏகாம்பரம்தான் கொரட்டூரிலிருந்து வந்து போட்டான். வெளியே வந்தவனை எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை. இப்போது பூந்தமல்லி அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் தூக்கிப் போடுகிறான்.

போன ஆவணியில் ஒரு வாய்தா. கோர்ட்டு வாசலில் எழிலும் நானும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். ஆபீசிலிருந்து நேராக வந்த மாதிரி ஒரு பெண், கழுத்தில் பெயர் அட்டை தொங்க, எழில் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணா, பேப்பர்ல உங்க கேஸையும் போட்டோவையும் பார்த்தேன். அந்தக் குரூப்ல நானும் இருந்தேன். பயத்துல ஓடிட்டேன். உங்ககிட்ட ஒரு தடவை வந்து சொல்லணும்னு...”

எழில் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“டேக்கை உள்ள போடும்மா.”

“என்னண்ணா?”

“கழுத்துல கீறத உள்ள போட்டுகினு போயிடு. யார்கிட்டயும் எந்தப் பேரும் சொல்லாத. இங்க வராத.”

அவள் அட்டையைக் கையால் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்று அழுதுவிட்டுப் போய்விட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“டேக்குல பேரைப் படிச்சுட்டேன் பெரிப்பா,” என்றான். “இத்தினி நாளு தெரியாதுன்னு சொன்னது நெசம். அதான் சொல்ல முடிஞ்சுது. இனிமே அடிச்சுக் கேட்டா வாயில வந்துடுமோன்னு கீது.”

என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாய்தா தை மாதம். மறுபடி அவனைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.